பேக், பேக்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். அதில் 'பேக்' என்ற சொல்லை மட்டும் இன்றுவரை என்னால் நிம்மதியாகக் கேட்க முடிவதில்லை. தெருவில் யாராவது "பேக் வா, பேக் வா" என்று வண்டிக்குக் குரல் கொடுத்தால், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். பின்னால் என்ன இருக்கிறதோ, யார் பார்த்தார்களோ.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிக்காரர்கள். சித்தப்பா மட்டும் தறியிலிருந்து எழுந்துபோய், வண்டி ஓட்டப் பழகி, யாரோ ஒருவருடைய மினி வேனுக்கு டிரைவராகியிருந்தார். முதல் வாரமே வண்டியை எங்களுக்குக் காட்டக் கொண்டுவந்தார். காலை நேரம். அப்பா தறியில் ஏற்றப்போகும் பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவிட்டிருந்தார். பாவு வெளியே இருக்கும்போது நாயைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டார்கள்.

பாவுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்வரை வேனைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு நீதாம்மா கிளீனர். பேக்குன்னு சொல்லிக்கினே வண்டிய தட்டு, வருவேன். பலமா ஒரே ஒரு அடி அடி, நின்னுடுவேன்."

தோழிகள் பார்க்க, ராணி மாதிரி தட்டினேன். பாவு கிட்டே வந்துவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கத்தவும் தோன்றவில்லை. ஒரு அடி அடிக்க வேண்டியவள், பயத்தில் இரண்டு கையாலும் படபடவென்று அடித்தேன். சித்தப்பா வந்துகொண்டே இருந்தார். பாவைத் தாங்கிய கட்டை முறிந்து, பாதி இழை அறுந்துபோனது.

அப்பா கத்தவில்லை. "உனக்கு ஸ்டீரிங் சரிப்படாதுப்பா. சாவிய குடுத்துட்டு வந்து தறியில உக்காரு" என்றார்.

சித்தப்பா என்னை ஒருமுறை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கண்ணாடிய பாக்கல ண்ணா. தப்பு என்னுதுதான்."

தப்பாகத் தட்டியது நான் என்று அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மறுவாரமே சித்தப்பா தறிக்கு வந்துவிட்டார். எனக்கோ ஒரே சந்தோஷம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேசச் சிரிக்க ஆள் வீட்டிலேயே இருக்கிறதே. தெருவில் ஏதாவது வேன் சத்தம் கேட்டால் மட்டும் தறியின் மிதிகட்டையில் இருக்கும் அவர் கால் சற்று நின்றுபோகும். கால் வலிக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். ஆமாம்மா என்றார். நானும் நம்பி, எண்ணெய் எடுத்துவர உள்ளே ஓடினேன்.