அப்பா சட்டையை ஊறவைத்த தண்ணீர்

பி.எஸ்சி. இரண்டாம் வருடக் கோடை விடுமுறையில் புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். கொட்டாங்குச்சிக் கரியைக் கொண்டு தண்ணீரில் கலந்திருக்கும் ஈயத்தை நீக்குவதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை. சோதித்துப் பார்க்க ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். மற்றவர்கள் ஏரித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். என் அப்பா சேதராப்பட்டில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கி ஈயம் எடுக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். நான் அவர் சட்டையை ஊறவைத்த தண்ணீரை எடுத்துப் போனேன்.

கருவி காட்டிய ஈயத்தின் அளவைப் பார்த்து, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆய்வு மாணவி பாட்டில் மாறிவிட்டதென்று நினைத்தார். மறுபடி வைத்தோம். அதே அளவுதான் வந்தது.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன்.

"தெரியும்மா. கம்பெனியில ஈயம் பாக்க ரத்தம் எடுக்கற அன்னிக்கு நான் லீவு போட்டுருவேன். அதிகமா வந்தா வெளிய நிறுத்திடுவாங்க."

"தங்கச்சி துணியோட சேத்துத்தானப்பா அம்மா அந்தச் சட்டைய ஊறவைக்கிறாங்க."

மறுநாள் எல்லோரும் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒன்றாம் வகுப்புப் படித்த தங்கையை மடியில் வைத்துக்கொண்டு, ஊசி குத்தும்போது அப்பா அவள் கண்ணைப் பொத்தினார். அவள் ரத்தத்திலும் ஈயம் அதிகமாக இருந்தது. முடிவு வந்த அன்றே அப்பா வேலையை விட்டு நின்றார்.

எங்கள் கரி நன்றாகவே வேலை செய்தது. பயிற்சியின் கடைசி நாள் அதை விளக்கிப் பேசினேன், கைதட்டினார்கள்.

தங்கை இப்போது மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்க இன்னும் திணறுகிறாள். ஈயத்தாலா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.