காக்கிச் சட்டைக்காரரின் சிரிப்பு

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் என்பது மட்டும் தெரியும். திருவண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் டிவிக்காரர்கள் காமெடி நிகழ்ச்சி எடுக்க வந்த அன்று, டூட்டி முடித்த காக்கிச் சட்டையோடு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கேமராவில் விழவேண்டும் என்றே புது நீலச் சட்டை தைத்துப் போட்டிருந்தேன்.

மேடையில் ஆள் ஏறும் முன்பே பார்வையாளர்கள் சிரிப்பதைத் தனியாகப் படம் எடுத்து வைத்துக்கொள்வார்களாம். ஜோக் எதுவும் சொல்லாமலே, "எல்லாரும் சிரிங்க" என்றார் மைக் பிடித்தவர். எனக்குப் பல்தான் தெரிந்தது, சிரிப்பு வரவில்லை. கண்டக்டரோ தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் காலரில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்து, நாலாக மடித்து மறுபடியும் செருகிக்கொள்வார். மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் கேமரா அவரிடம்தான் போய் நின்றது. எனக்கு வயிறு எரிந்தது.

"ஒண்ணுமே இல்லாம எப்படிங்க சிரிப்பு வருது?" என்று கேட்டே விட்டேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். சிரிக்கறதுக்கு நீங்க படற பாட்டப் பாத்தேன், அடக்க முடியல" என்றார்.

நிகழ்ச்சி வந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். ஒவ்வொரு ஜோக்குக்கும் அவர் முகம்தான் வந்தது. ஓரத்தில் என் நீலத் தோள்பட்டை மட்டும் தெரிந்தது.

"இந்த ஆளு எவ்ளோ அழகா சிரிக்கிறாரு பாருங்க" என்றாள் என் மனைவி.

எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதை இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை.