படிக்கட்டில் படுத்திருந்த நாய்

சேலையூர் தாண்டி, கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ஏரியின் கரையில் ஒரு பழைய பங்களா இருக்கிறது. வாத்து சுட வரும் வெள்ளைக்காரர்கள் தங்குவதற்காகக் கட்டியது என்பார்கள். பிறகு கொஞ்ச காலம் ஏதோ அலுவலகமாக இருந்து, பூட்டிக் கிடந்தது. முன்பக்கம் ஐந்து வளைவுகள், மாடியில் நீளமான வராந்தா, தண்ணீர் வரை இறங்கும் படிக்கட்டு. அதைப் பழுதுபார்த்து வண்ணம் பூசப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், விடுமுறை நாட்களில் கேமராவோடு சுற்றுகிற என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், பெயிண்ட் அடிச்சுட்டா அந்த லுக்கே போயிடும். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு ஃபோட்டோ எடுத்துக் குடுங்க, நம்ம காலண்டருக்குப் போடலாம். சன்செட்ல ஆரம்பிச்சு நைட் வரைக்கும் எடுங்க. எது நல்லா வருதோ அதை வச்சுக்கலாம்."

"அதுக்கென்ன சார், எடுத்துடலாம்" என்றேன்.

மனைவி அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் தெரியாது.

ஒரேயடியாக வந்ததல்ல அது. சினிமா தியேட்டரில் இருக்கையைத் தடவித் தேடியதில் தொடங்கியது. பல்லாவரத்தில் வேலை முடித்து, ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கும்போது இருட்டியிருக்கும். முன்னால் போகிறவரின் சட்டையைப் பார்த்துக்கொண்டே படியிறங்குவேன். அங்கிருந்து ஸ்கூட்டர். ஏதாவது ஒரு பஸ்ஸின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வேகத்திலேயே வருவேன். அது நின்றால் நானும் நிற்பேன். எதிர் வண்டியின் வெளிச்சம் முகத்தில் அடித்தால் சில நொடிகளுக்கு எதுவுமே இருக்காது. வாரத்தில் இரண்டு நாள், டியூஷன் முடிந்த மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இப்படித்தான் வந்திருக்கிறேன். எழுதும்போதே கை கூசுகிறது. அப்போது எனக்குள் ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். இருட்டு என்றால் எல்லாருக்கும் இருட்டுதானே, எல்லாரும் இப்படித்தான் சமாளிக்கிறார்கள், நான்தான் பயந்தாங்கொள்ளி என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே போய்விட்டேன். வண்டியை டீக்கடை வாசலில் விட்டுவிட்டு, பையும் ட்ரைபாடுமாகக் கரைமேல் நடந்தேன். வழியில் மதகின்மேல் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குச் சிமெண்ட் பலகை, கைப்பிடி கிடையாது. திரும்பும்போது உதவும் என்று எட்டி எட்டி வைத்த அடிகளை எண்ணிக்கொண்டேன்.

ஏரி ஒரு மூலையில் குறுகுகிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் எதிரே பங்களா. வெளிச்சம் இருக்கும்போதே ட்ரைபாடை ஊன்றி, ஃபோகஸைச் சரிசெய்து, அது நகராமல் டேப் ஒட்டினேன். பக்கத்தில் ஒருவர் லாரி டயர் ட்யூபைக் கரையில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அதில் மிதந்துபோய் வலை போட்டுவிட்டு வந்தவர்.

"இன்னா சார், சர்வேயா?"

"இல்லண்ணா, சும்மா ஃபோட்டோ. காலண்டருக்கு."

"அப்ப சரி. போன மாசம் ரெண்டு பேரு வந்து அளந்துகினு போனாங்கோ. அதான் கேட்டேன்."

சூரியன் என் முதுகுப் பக்கம் இறங்கியது. காரை பெயர்ந்த சுவர் முதலில் மஞ்சளாகி, பிறகு சுட்ட செங்கல் நிறத்துக்கு வந்தது. வளைவுகளுக்குள் நிழல் ஏறியது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தேன். வானம் நீலமானபோது, ஐந்து வளைவுகளும் ஒன்றோடொன்று கரைந்து எனக்கு ஒரே கறுப்பாகிவிட்டன. அப்புறம் அந்தக் கறுப்பும் ஏரியோடு சேர்ந்துகொண்டது. தூரத்துத் தெருவிளக்குகள் மட்டும் புள்ளிகளாக நின்றன.

பொத்தானை விரலால் தடவிக் கண்டுபிடித்து அழுத்தினேன். ஷட்டர் இருபது நொடி திறந்திருந்து மூடியது. திரையில் படம் வந்தது.

அதில் எல்லாம் இருந்தது. வளைவுகள், வராந்தாவின் மரச்சட்டம், சுவரில் முளைத்த அரசங்கன்று, தண்ணீரில் தலைகீழாக இன்னொரு பங்களா. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே ஒன்றுமில்லை. கேமரா இருபது நொடி வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்கிறது, அதனால் அதற்குத் தெரிகிறது, மனிதக் கண்ணால் முடியுமா என்று அப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மீன்காரர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார். "அந்த நாயும் ஃபோட்டோல வருமா சார்?"

"எந்த நாய்?"

"தோ, படிக்கட்டுல படுத்துகினு கீதே, வெள்ளை நாயி. மூணாவது படில. தெரில?"

அவர் கையில் டார்ச் இல்லை. வெறும் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார். திரையில் படத்தைப் பெரிதாக்கினேன். தண்ணீரிலிருந்து மூன்றாவது படியில் வெள்ளையாக, முகத்தை வாலருகே வைத்துச் சுருண்டு கிடந்தது.

பஸ்ஸின் சிவப்பு விளக்கும், என் இடுப்பைப் பிடித்திருந்த மகளின் கைகளும்தான் நினைவில் வந்தன.

"இன்னா சார், ஒடம்பு சரியில்லியா?"

"அண்ணா, எனக்கு ராத்திரில கண்ணு தெரியாது" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அதைச் சொன்னேன், பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம். "மதகு தாண்டணும். கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா?"

அவர் வியக்கவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. "ஸ்டாண்ட குடு. வலைய அப்பால எடுத்துக்கறேன்" என்று எழுந்தார். ஈரமும் மீன் வாடையுமாக இருந்த அந்தக் கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பலகைமேல் அவர் பக்கவாட்டில் நடந்தார், நானும் அப்படியே நடந்தேன். எண்ணி வைத்த அடிகள் ஒன்றும் நினைவில் வரவில்லை. டீக்கடை வெளிச்சத்தில் விட்டுவிட்டு, "வண்டிய எடுத்துகினு போவாத சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

மனைவிக்குப் போன் செய்தேன். ஆட்டோவில் வந்தாள். அதிலேயே ஏறித் திரும்பும்போது எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவ்ளோ நாளா?"

"நாலு வருஷம் இருக்கும்."

"பாப்பாவ ஏத்திட்டு வந்தீங்களே" என்றாள்.

மறுநாள் காலை அவளே படங்களைக் கேட்டாள். கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட்டேன். பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

"இதுல எதுவரைக்கும் உங்களுக்குத் தெரிஞ்சது?"

ஏழாவது படத்தின்மேல் விரலை வைத்தேன். வானம் நீலமாகத் தொடங்கியிருந்த, வளைவுகள் தெளிவாக இருந்த படம் அது. அதற்குப் பின்னால் இன்னும் பதினொரு படங்கள் இருந்தன. அவள் ஏழாவதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நேரம் கேட்டாள்.

விழித்திரையில் கோளாறு, திருப்பிக் கொண்டுவர முடியாது, ஆனால் மெதுவாகத்தான் போகும் என்றார் மருத்துவர். வண்டியைத் தொடக்கூடாது என்றார். அவர் சொல்வதற்கு முன்பே சாவி மனைவியின் கைப்பைக்குப் போயிருந்தது.

காலண்டருக்கு, சுவர் செங்கல் நிறமாக எரியும் படத்தைச் செயலாளர் எடுத்துக்கொண்டார். நல்ல தேர்வுதான். இப்போது மாலையில் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் மனைவி ஸ்கூட்டரோடு நிற்கிறாள். கூட்டத்தில் அவளை என்னால் கண்டுபிடிக்க முடியாது. அவள்தான் கூப்பிடுவாள். குரல் வந்த பக்கம் நடக்கிறேன்.