சட்டையைத் தூக்கச் சொன்னேன்

லண்டனில் நாங்கள் வழக்கமாகப் போகும் பிள்ளையார் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது. ஆண்கள் எல்லோரும் மேல்சட்டையைக் கழற்றி நிற்க, புதிதாக வந்த ஒருவர் மட்டும் சட்டையோடு நின்றார். அவருடைய கை அடிக்கடி வேட்டி இடுப்பைத் தொட்டுப் பார்த்தது. சண்டைக் காலத்தில் ஊரில், உறை இல்லாமல் இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் ரிவால்வர் செருகித் திரிந்தவர்களைப் பார்த்தவன் நான். நழுவிவிடுமோ என்று அவர்கள் கையும் அப்படித்தான் போகும். இவர் இடுப்பிலும் ஏதோ புடைத்துத் தெரிந்தது.

பூசை நேரம் என்றும் பாராமல் அவரை மறித்தேன்.

"இடுப்புக்குள்ள என்ன வச்சிருக்கிறீர்? சட்டையைத் தூக்கும் பாப்பம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெல்லத் தூக்கினார். வயிற்றில் ஒரு பை ஒட்டியிருந்தது.

"குடல் ஒப்பரேஷன் அண்ணை. மலம் இதுக்குள்ளதான் போகும். ஐயரிட்டக் கேட்டனான், சட்டையோட வரச் சொன்னவர்."

அவர் விபூதிகூட வாங்காமல் போய்விட்டார்.

வீட்டுக்கு வரும்போது பஸ்சில் மனைவி சொன்னாள்: "அப்ப ஊரில ஆமிக்காரர் சென்றியில சோதனைக்கு உங்களை மறிச்சுக் கேட்ட மாதிரியேதான் கேட்டனீங்கள்."

நாலு பேருக்கு முன்னால் சட்டையைத் தூக்கி நிற்கும் வெட்கம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அதை இன்னொருவருக்குச் செய்தேன். அவர் பிறகு வரவில்லை. நான் போகிறேன், கும்பிடுகிறேன். பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்கத்தான் முடிவதில்லை.