சாணி நிறக் குடங்களை விற்றுத் தந்த தேசம்மாள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடையைத் திறந்து வாளிகளை வெளியே அடுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடையின் ஷட்டர் பாதி ஏறி மறுபடி இறங்கியது. தேசம்மாளின் மகன் முருகேசன் சாலையைக் கடந்து வந்தார். "மாமா, அம்மா விடிகாலைல போயிட்ச்சி" என்றார். கையில் ஓர் அட்டை வைத்திருந்தார். கடை அடைப்பு என்று எழுதித் தர வேண்டுமாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் தயங்கினார்.

"எப்போ தொறப்போம்னும் எழுதிடு மாமா. இல்லாட்டி அம்மா திட்டும்."

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். 'வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறப்போம்' என்று சேர்த்து எழுதினேன். மூடிய கடை எப்போது திறக்கும் என்று சொல்லாவிட்டால், வந்தவள் வேறு கடையைப் பழகிக்கொள்வாள் என்பது தேசம்மாளின் கட்சி. அவர் சாவுக்கும் அதில் விலக்கு இல்லை.

கரையான்சாவடியில் பன்னிரண்டு ஆண்டுகள் எதிரெதிரே நின்று ஒரே சரக்கை விற்றவர்கள் நாங்கள். பிளாஸ்டிக் குடம், வாளி, முறம், டப்பா. நம் வியாபாரிகள் சங்க மலருக்குப் போட்டிக் கடைக்காரனை வைத்து இரங்கல் எழுதச் சொல்வதா என்று சிலர் கேட்டார்களாம். எழுத வேண்டியவன் நான்தான். ஏன் என்பது அவரிடம் வாங்கியவர்களுக்கும், அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் எழுத்தர் வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையைப் போட்டேன். சர்க்கார் வேலையை உதறியவன் என்று என் மாமனார் இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் தமிழ் மீது எனக்கு அபார நம்பிக்கை இருந்தது. திறப்பு விழாவுக்கு நானே நோட்டீஸ் எழுதி, பூந்தமல்லியில் அச்சடித்து வீடு வீடாகப் போட்டேன். 'பேரன்புடையீர், எழில்மிகு இல்லத்திற்கு ஏற்றமிகு கலன்கள்' என்று தொடங்கும். மூன்று நாள் ஈ ஓட்டினேன்.

நான்காம் நாள் தேசம்மாள் அந்த நோட்டீசோடு வந்தார். என் வயதுதான் இருக்கும். காட்டுப்பாக்கத்தில் பிறர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். கணவருக்குப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இவர் தலையில் கூடை சுமந்து, பழைய புடவைக்குப் பாத்திரம் கொடுத்துத் தெருத்தெருவாக விற்று, பிறகு எட்டடி அகலத்தில் ஒரு கடை பிடித்தவர். என் விலைகளை வேவு பார்க்கத்தான் வந்தார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"எம் பொண்ண உட்டு ரெண்டு வாட்டி பட்ச்சி காட்டச் சொன்னேன் சார். இதுல கொடம் எங்க கீது?"

"கலன்கள்னு போட்டிருக்கேனே."

"கொடம் வாங்கறவ கொடம்னுதான் தேடுவா. நீ கல்யாணப் பத்திரிக கணக்கா அட்ச்சிகீற. மொய் வைக்கணுமோன்னு பயந்துகினு ஒருத்தியும் வர்ல."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அதன்பின் பல மாதங்கள் எதிர்ப்பக்கம் பார்ப்பதையே தவிர்த்தேன். அங்கே கூட்டம் இருந்ததும் ஒரு காரணம்.

அடுத்த கோடையில் கிணறுகள் வற்றின. தண்ணீர் லாரி வரத் தொடங்கியது. ஊரே குடம் வாங்கியது. அந்தச் சமயம் பார்த்து ஒரு சரக்கு ஏஜெண்டு, "புது நிறம் சார், சந்தன நிறம்" என்று ஒரு சின்னத் துண்டைக் காட்டினான். சந்தனம் என்ற சொல்லில் மயங்கி, கையிலிருந்ததையெல்லாம் போட்டு முந்நூறு குடங்களுக்குச் சொல்லிவிட்டேன். வந்து இறங்கியபோது பார்த்தால் சாணி நிறம். சாணியில் கொஞ்சம் தண்ணீர் அதிகமான நிறம். நானும் விடாமல் 'சந்தன வண்ணக் குடங்கள்' என்று நோட்டீஸ் அடித்தேன். வந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாயை மூடிச் சிரித்துக்கொண்டே எதிர்க்கடைக்குப் போனார்கள்.

அந்த மாதக் கடைசியோடு கடையை மூடிவிடுவது என்று முடிவு செய்து கட்டட உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன். என் மனைவி செல்வி என் பழைய ஆபீஸ் சட்டைகளை எடுத்துத் துவைத்துப் போட்டாள். அதுதான் அதிகம் வலித்தது. மறுநாள் மத்தியானம் தேசம்மாள் வந்து நின்றார். நான் போவதில் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றே நினைத்தேன்.

"மூடப் போறியாமே அண்ணாத்தே? இன்னாத்துக்கு?"

"உங்களுக்கு நல்லதுதானே?"

"இன்னா நல்லது? ரெண்டு கடை எதிரெதிர்ல இருந்தாதான் பொம்பளைங்க இங்க வெல கேட்டு, அங்க வெல கேட்டு, இந்தத் தெருவுல நிப்பாங்க. ஒண்ணே ஒண்ணு இருந்தா வேற எங்கனா நாலு கடை பாக்கலாம்னு பூந்தமல்லிக்குப் போய்டுவாங்க. நீ போனா என் ஏவாரமும் படுத்துக்கும்."

பிறகு ஒரு குடத்தை எடுத்துத் தட்டினார், வெளிச்சத்தில் பிடித்தார், கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறியே நின்றார். அவர் நல்ல கனமான உடம்பு. குடம் அசையவில்லை.

"நல்ல சரக்கு. கலருதான் கேவலம்."

"பாதி விலைக்குத் தள்ளிடலாமா?"

"வெலைய கொறைக்காத. கொறச்சா, இதுல இன்னாவோ கொற கீதுன்னு நீயே சொல்ற மாரி. நாளிக்கு காலைல லாரிகிட்ட வா."

மறுநாள் காலை லாரி நிற்கும் இடத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக நூறு குடங்கள் வரிசையில் இருந்தன. வழக்கம்போல் இரண்டு பெண்கள் ஒரு பச்சைக் குடத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். 'என்னுது', 'இல்லை, என்னுது' என்று காது கூசும் வசவுகள். தேசம்மாள் என் சாணிக் குடத்தை வரிசை நடுவில் வைத்துவிட்டு, தூரப் போய் நின்றுகொண்டு கத்தினார்.

"இந்தாங்கடி! என் கொடம் எதுன்னு இங்கேர்ந்தே சொல்றேன் பாரு! அதோ, அந்த அசிங்கம் புட்ச்ச கலரு! எவளாவது மாத்தி எட்த்துக்கினு போவீங்களா?"

சண்டை போட்டவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஒருத்தி அந்தக் குடத்தைத் தூக்கிப் பார்த்தாள். எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். தேசம்மாள் தன் கடையைக் காட்டவில்லை. என்னைக் காட்டினார்.

கடைக்குத் திரும்பியதும் பலகையில் என்ன எழுத வேண்டும் என்று அவரே சொன்னார். கை கூசினாலும் எழுதினேன். 'இந்தக் குடம் பார்க்க அழகில்லை. அதனால் யாரும் மாற்றி எடுத்துப் போகமாட்டார்கள். மேலே ஏறி நின்றாலும் உடையாது. ஏறிப் பாருங்கள்.' வாழ்க்கையில் நான் எழுதிய முதல் நல்ல விளம்பரம் அதுதான். அதுவும் நான் எழுதியது இல்லை. ஒரு வாரம் என் கடை வாசலில் பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு குடத்தின் மேல் ஏறினார்கள், இறங்கினார்கள், வாங்கினார்கள். பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தும் சைக்கிளில் வந்து இரண்டிரண்டாகக் கட்டிக்கொண்டு போனார்கள்.

முந்நூறும் விற்றன. அதில்தான் அடுத்த வம்பு. வரிசை முழுக்க இப்போது சாணி நிறம்! எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இருபது பெண்கள் குடமும் இடுப்புமாகக் கடைக்கு வந்தார்கள். "மாறாதுன்னு எழுதினியே, நாலு நாளா எம் மாமியார் எவ ஊட்டுக் கொடத்துலயோ தண்ணி குடிக்குது" என்றாள் ஒருத்தி. நான் கல்லாவுக்குப் பின்னால் பதுங்கினேன். எதிர்க்கடையில் தேசம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் வந்து, ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்டையும் தூரிகையையும் என் முன் வைத்தார்.

"வித்தவன் நீ. வெயில்ல நிக்கறவனும் நீதான். உன் எழுத்து முத்து முத்தா கீதே, போய் எல்லாத்துலயும் பேர் எழுது. காசு கேக்காத."

மூன்று நாள் காலையும் மாலையும் லாரி அருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதினேன். வள்ளி, மும்தாஜ், லில்லி, குப்பம்மாள். தன் பெயர் தெருவில் கிடக்கக் கூடாது என்றவர்களுக்குக் கிளி போட்டேன், மாங்காய் போட்டேன். என் கிளி கோழி மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார்கள். மூன்றாம் நாள் முடிவில் குடம் வாங்கிய அத்தனை வீடுகளின் பெயரும் எனக்குத் தெரிந்திருந்தது. என் பெயரும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதன்பின் அவர்கள் என் கடைக்கு வந்தபோது நோட்டீஸ் எதுவும் தேவைப்படவில்லை. கடையை மூடும் பேச்சை செல்வியும் நானும் மறந்தே போனோம். மாமனார்கூட வந்து ஒரு வாளி வாங்கிப் போனார்.

அதற்குப் பிறகு தெருவில் யார் நோட்டீஸ் அடித்தாலும் முதலில் தேசம்மாளுக்குப் படித்துக் காட்டுவது பழக்கமாயிற்று. தையல் கடைக்காரர், காபித்தூள் கடைக்காரர், எல்லோரும் நின்றிருக்கிறோம். அவர் முறத்தைத் துடைத்தபடி கேட்பார். நடுவில் "இன்னா?" என்றால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். விளக்கம் சொல்ல முயன்றால், "ஊட்டுக்கு ஊடு போயி நீயே வெளக்குவியா?" என்பார். அவர் இல்லாமல் நம் தெருவின் விளம்பரத் தமிழ் மறுபடி கல்யாணப் பத்திரிகை ஆகிவிடுமோ என்று நம்மில் சிலர் கவலைப்படுகிறார்கள்.

என்னிடம் அந்த "இன்னா?" தங்கிவிட்டது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். போன வாரம் மூடி போட்ட புது வாளிகளுக்கு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். 'வண்ணமிகு' என்று ஆரம்பித்தேன். காதுக்குள் கேட்டது. அடித்தேன். 'தங்கள் நல்லாதரவை' என்று எழுதினேன். மறுபடி கேட்டது. அதையும் அடித்தேன். கடைசியில் மிஞ்சியது ஒன்றரை வரி: 'புது வாளி வந்துகீது. மூடியோட. பல்லி வுழாது.' அப்படியே அச்சடித்தேன்.

அன்று குடத்தில் பெயர் எழுதிக்கொண்ட வள்ளி மறுநாள் கடைக்கு வந்து நோட்டீஸை உரக்கப் படித்தாள். எதிர்ப்பக்கம் பார்த்தாள். "தேசம்மா சொல்ற மாரியே கீது அண்ணாத்தே" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, இரண்டு வாளி கேட்டாள்.