அப்பா பார்த்த ஒரே ஆட்டம்

சிதம்பரத்தில் மகளுக்காகப் புது டென்னிஸ் பந்து டப்பாவைத் திறந்தேன். அந்த ரப்பர் வாசனை, சென்னையில் நான் ஆடிய சர்வதேச ஜூனியர் போட்டிக்கு என்னை இழுத்துப் போனது.

கடலூரில் மீன்பிடிக்கும் அப்பா கம்பிவேலிக்குப் பின்னால் நின்று, "கச்சான் காத்து பந்தத் தூக்குது, தாழ்த்தி அடி பாப்பா!" என்று மேல்காற்றைக் கடல் பேச்சில் சொல்லிக் கத்தினார். வெளியிலிருந்து யோசனை சொல்லக் கூடாதென்று நடுவர் இங்கிலீஷில் எச்சரித்தார். அப்பா புரியாமல் சிரித்தார். நான் தமிழில் சொல்லியிருக்கலாம். வெளிநாட்டுப் பெண்கள் முன்னால் அவரை அப்பா என்று கூப்பிட வெட்கம்.

எதிராளி ஜெயிக்க ஒரு புள்ளிதான் பாக்கி. அப்பா மறுபடி கத்தினார். நடுவர் அபராதமாக அந்தப் புள்ளியை அவளுக்குக் கொடுத்துவிட்டார்; நான் தோற்றேன்.

"இனிமே என் மேட்சுக்கு வராத."

"செரி பாப்பா, வரல."

சாகும்வரை வரவில்லை.

"தாத்தா உன் மேட்ச்செல்லாம் பாப்பாரா அம்மா?" என்கிறாள் மகள்.

"அவருக்கு டென்னிஸே புடிக்காதுடி," என்கிறேன்.