குப்பைத்தொட்டி ஆத்தா

என் தம்பி தசரதனைப் பத்தியா கேக்கறீங்க? நல்லா கேட்டீங்க போங்க. அவன மாதிரி ஒரு சோம்பேறி இந்தக் கரையான்சாவடியில இதுக்கு முன்னாடியும் பொறக்கல, இனிமேயும் பொறக்க மாட்டான். எங்க நைனா அடுத்தவன் கழனியில சேத்த மிதிச்சி எங்கள வளத்தாரு. இவன் காலுல ஒரு பொட்டு சேறு பட்டதில்ல.

அப்போ கூவத்தங்கரையில ஆனந்தா உல்லாசத் தோட்டம்னு ஒண்ணு இருந்துச்சி. ராட்டினம், குட்டி ரயிலு, படகு எல்லாம் உண்டு. பட்டணத்துலேர்ந்து கார் வச்சிகினு வருவாங்க. நான் கேட்டாண்ட வேர்க்கடலை வித்தேன். பூங்காவனம் கடலைன்னா அவ்ளோ பேரு. இவன் உள்ள குப்பை பொறுக்கினான். அங்க பொம்பள தல வச்ச சிமெண்டு குப்பைத்தொட்டி ஒண்ணு, முட்டக்கண்ணும் செவந்த கன்னமுமா வாய ஆன்னு தொறந்துகினு நிக்கும். என் கடலைத் தோலெல்லாம் அது வாயிலதான் போவும். சாயங்காலமானா என் தம்பி தொரை மூக்கப் பொத்திகினு அதுல கைய உட்டு அள்ளுவாரு.

ஒரு வருசம் ஐப்பசி மழையில கூவம் பொரண்டு வந்து எல்லாத்தையும் வாரிகினு போயிடுச்சி. ராட்டினக் கம்பம் ஒண்ணு, கூரையில்லாத டிக்கெட்டு ரூமு, மணல்ல கழுத்து வரைக்கும் பொதஞ்ச அந்தத் தல. அவ்ளோதான் மிச்சம். முதலாளி திரும்பியே பாக்கல. அம்பத்தூர்ல எஸ்டேட்டு வந்த புதுசு அது. கையும் காலும் இருந்தவனெல்லாம் கம்பெனிக்கு ஓடினான். இவன் மட்டும், "சங்கு ஊதறப்பல்லாம் எழுந்திரிக்க என்னால ஆவாதுக்கா"ன்னு சொல்லிட்டுப் படுத்துகினான். தூ!

எங்க பக்கம் ஆடியில கெங்கம்மாவுக்கு தலைய மட்டுந்தான் வச்சி கும்புடுவோம். சிரசுதான் சாமி. அக்கரையிலேர்ந்து துணி தொவைக்க வந்த பொம்பளைங்க மணல்ல இந்தத் தலையப் பாத்துட்டாளுங்க. ஆத்துல வந்த ஆத்தா, வாயத் தொறந்து கூழு கேக்கறான்னு கன்னத்துல போட்டுகினாளுங்க. பாவம், டிக்கெட்டு வாங்கி அந்தத் தோட்டத்துக்குள்ள நம்ம ஜனம் எவன் போயிருக்கான், அது இன்னான்னு தெரிய?

மறுநாளு போய்ப் பாக்கறேன், நம்ம தசரதன் ஐயா மஞ்ச வேட்டி கட்டிகினு நெத்தி நெறைய குங்குமம் அப்பிகினு அது பக்கத்துல உக்காந்துகினு கீறாரு. பூசாரியாம்! டிக்கெட்டு ரூமுக்கு ஓலையப் போட்டுகினு அங்கயே குடியேறிட்டான். மூணு வேளையும் கூழு, பொங்கலு, கோழிக்கறி. வயிறு முன்னாடி வந்துடுச்சி.

"அக்கா, குப்பைத்தொட்டின்னு ஒரு வார்த்த வெளிய வந்துச்சி, என் பொழப்பு போச்சு. அடிச்சே கொன்னுடுவானுங்க"ன்னு என் கையப் புடிச்சிகினான். நான் வாயத் தொறக்கல. பாசம்னு நெனச்சிடாதீங்க. அவனத் தொரத்தினா நேரா என் ஊட்டுக்குத்தான் வருவான், அந்த வயித்துக்கு நான்தானே வடிச்சிக் கொட்டணும்?

எழுபத்தொண்ணு ஆடின்னு ஞாபகம். கூழு ஊத்தற நாளு, கரை நெறைய கூட்டம். நானும் கூடையோட அங்கதான் இருந்தேன். மண்ணூர்பேட்டையிலேர்ந்து சாமுண்டீஸ்வரின்னு ஒருத்தி பொண்ணத் தோள்ல போட்டுகினு ஓடியாந்தா. நாலு வயசுக் கொயந்த. அனலாக் கொதிக்குது, கண்ணு சொருகிகினு கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. அதத் தல முன்னாடி மணல்ல கெடத்திட்டு, "ஆத்தா, நீ கண்ணத் தொறக்காம இந்த எடத்த வுட்டு நவுர மாட்டேன்"ன்னு உக்காந்துட்டா.

தசரதன் துண்ணூறு வைக்கக் கைய நீட்டினான். கொயந்த நெத்தியில கை பட்டதும் வெடுக்குனு இழுத்துகினான்.

"பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடும்மா."

"ஆத்தா கீறப்போ ஆஸ்பத்திரி எதுக்கு சாமி?"

"ஆத்தா இல்லம்மா. இது குப்பைத்தொட்டி!"

அவ நம்பல, எழுந்திரிக்கவும் இல்ல. இவன் ஆத்தா மேல கட்டியிருந்த பொடவையப் புடிச்சி இழுத்தான். தலைக்குக் கீழ மணல ரெண்டு கையாலயும் தோண்டினான், நெகம் பிஞ்சி ரத்தம் வந்துச்சி. மார்ல சாயம் போன எழுத்து தெரிஞ்சிச்சி: குப்பையை இங்கே போடவும். "நான் இது வாயிலேர்ந்து எச்சி எலை அள்ளினவம்மா! இதுக்கு ஒண்ணும் தெரியாது! ஓடு!"ன்னு கத்தினான். அவ கொயந்தைய வாரிகினு ஆஸ்பத்திரிப் பக்கமா ஓடினா.

அப்புறம் வுழுந்துச்சி பாருங்க அடி. நான் கூடைய வீசிட்டு நடுவுல பூந்திராட்டி செத்திருப்பான். முன்பல்லு ரெண்டு போச்சு, இடது காதும் மந்தம்.

அதோட ஜனங்களுக்குப் புத்தி வந்துடுச்சின்னா நெனைக்கறீங்க? பூசாரிக்குத்தான் பைத்தியம்னு சொல்லிட்டு மணலத் திரும்பத் தள்ளி அந்த எழுத்த மூடினானுங்க. இப்போ வேற ஒருத்தன் மஞ்ச வேட்டியில உக்காந்துகினு கீறான். கேடு கெட்ட ஜனம்.

நான் பயந்தா மாதிரியே என் ஊட்டுக்குத்தான் வந்தான். அடுத்த ஆடியில சாமுண்டீஸ்வரி பொங்கச் சட்டியோட எங்க வாசல்ல வந்து நின்னா. பக்கத்துல அந்தப் பொண்ணு, பாவாடை கட்டிகினு.

"அக்கா, ஆத்தா என் பொண்ணக் காப்பாத்திட்டா. வருசா வருசம் பொங்க வைக்கிறேன்னு வேண்டிகினேன். ஊட்டுக்கு ஊடு குடுத்துகினு வரேன்."

உள்ள துன்னுகினு இருக்கறவன் யாருன்னு அவளுக்கு அடையாளமே தெரியல. எனக்கு வந்துச்சி பாருங்க ஆத்திரம்! வாயத் தொறக்கப் போனேன். அவன் வேணாம்னு தலைய ஆட்டினான். தட்ட நீட்டி பொங்கல வாங்கிகினான். பொண்ணப் பாத்து பொக்க வாயால சிரிச்சிட்டு, "இன்னும் ஒரு கரண்டி போடும்மா"ன்றான்.

வெக்கங்கெட்டவன். அன்னிலேர்ந்து எங்க ஊட்டுல மொத சோறு அவனுக்குத்தான் போடறேன்.